இருமினால் தையல் பிரியுமா? ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலைக் காப்பது எப்படி?

ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்த பிறகும் சிலரை நிமோனியா தாக்குகிறது. அதைத் தடுப்பதில் டாக்டருக்கு இருக்கும் பங்கு, கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தினருக்கும் இருக்கிறது!

"அசையாமப் படுங்கப்பா, காயம் ஆறணும்."

"இருமாதீங்கம்மா... தையல் பிரிஞ்சிடும்!"

"வலி மாத்திரை ரொம்பப் போடாதீங்கண்ணே, பழகிடும்."

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரின் கட்டிலைச் சுற்றி நின்றால், இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். சொல்பவர் மகளாக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், பக்கத்து பெட்காரரின் அம்மாவாகக்கூட இருக்கலாம். எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால், அசையாமல் படுத்து, இருமலை அடக்கி, வலிக்கு பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால், நுரையீரலில் சளி தேங்கும். அங்கே கிருமி வளரும். காயம் ஒழுங்காக ஆறிக்கொண்டிருக்க, நோயாளி நிமோனியாவோடு ஐ.சி.யூ-வுக்குத் திரும்புவார்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் 59 மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,464 பேரைப் பற்றிய ஆய்வு 2010-ல் வெளியானது. அவர்களில் 5 சதவிகிதம் பேருக்கு நுரையீரல் பிரச்னை வந்தது. அப்படி வந்தவர்களில் 19.5 சதவிகிதம் பேர் 30 நாள்களுக்குள் இறந்துவிட்டார்கள். வராதவர்களில் இறந்தவர்கள் 0.5 சதவிகிதம் மட்டுமே. நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களில் பலர் முன்பே உடல்நலம் குன்றியவர்களாக இருந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்தான். ஆனாலும், இந்த இடைவெளி அலட்சியப்படுத்தக்கூடியது இல்லை.

பெருமூச்சு ஏன் முக்கியம்?

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. சாதாரணமாக மூச்சுவிடும்போது அவற்றில் சில மெதுவாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். அவற்றைத் திறக்க உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் பெருமூச்சு. கவலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மனிதர்கள் சுமார் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தம்மை அறியாமலே ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். மூடிய பைகள் அதில் மறுபடி விரிந்துவிடும்.

முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும்போது இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. மல்லாந்து படுத்திருப்பதால், வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை மேலே ஏறி நுரையீரலை அழுத்துகிறது. முழு மயக்கத்துக்குப் போகும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு, நுரையீரலின் அடிப்பகுதியில் கொஞ்சமாவது காற்றுப்பைகள் சுருங்கிவிடுகின்றன. சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய இழைகளும் மந்தமாகிவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு இது தானாகச் சரியாகிவிடும். ஆனால், வயிற்றின் மேல்பகுதியிலோ நெஞ்சிலோ கீறல் இருந்தால் வலி ஆழ்ந்த மூச்சை விடாது. வலிக்குக் கொடுக்கும் சில வீரியமான மருந்துகள் பெருமூச்சையும் இருமலையும் குறைத்துவிடும். இப்படி மூடிய பைகள் மூடியே கிடந்தால், அங்கே தேங்கும் சளிதான் நிமோனியாவுக்கு இடம் கொடுக்கிறது.

யாருக்கு அதிக ஆபத்து?

கத்தலோனியா ஆய்வு ஏழு காரணங்களைப் பட்டியலிட்டது.

• வயது அதிகமாக இருப்பது
• ஆபரேஷனுக்கு முன்பே ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு குறைவாக இருப்பது
• கடந்த ஒரு மாதத்துக்குள் சளி, காய்ச்சலோடு சுவாசத் தொற்று வந்திருப்பது
• ரத்தசோகை
• மேல் வயிற்றிலோ நெஞ்சிலோ கீறல்
• இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆபரேஷன்
• அவசர ஆபரேஷன்

இவற்றோடு புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை ஆகியவற்றையும் டாக்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கண்புரை ஆபரேஷனுக்குப் போகும் பாட்டி இதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. குடல், இரைப்பை, கல்லீரல், இதயம், நுரையீரல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

பாஸ்டனில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் பாஸ்டன் மெடிக்கல் சென்டரில், ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் பிரச்னை வருவது மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால் அதிகமாக இருந்தது. அங்கிருந்த டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் 'ஐ காஃப்'. 'நான் இருமுகிறேன்' என்று அர்த்தம். ஆறு வேலைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

புதிய மெஷின் எதுவும் வாங்கவில்லை, புதிய மருந்தும் இல்லை. ஆழ்ந்து மூச்சிழுக்கும் கருவி, இருமலும் மூச்சுப் பயிற்சியும், வாய்ச் சுத்தம், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வது, தினமும் மூன்று முறையாவது கட்டிலைவிட்டு எழுப்புவது, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி வைப்பது. இந்த ஆறையும் ஒன்றுவிடாமல் செய்தார்கள்.

2013-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நிமோனியா 2.6 சதவிகிதத்திலிருந்து 1.6 சதவிகிதமாகக் குறைந்தது. மூச்சுத்திணறி மறுபடி டியூப் போட வேண்டிய நிலைக்குப் போனவர்கள் 2 சதவிகிதத்திலிருந்து 1.2 சதவிகிதமாகக் குறைந்தார்கள். ஒரே மருத்துவமனையின் 'முன்பு, பின்பு' ஒப்பீடுதான் இது. ஆனால், அந்த ஆறு வேலைகளில் ஒன்றுகூட வசதியில்லாத வார்டில் செய்ய முடியாதது இல்லை. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. மூன்று பந்து கருவி... ஊதக் கூடாது!

மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வரச் சொல்லும் அந்த மூன்று பந்து கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். கையில் கிடைத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, பலூன் மாதிரி ஊதுவது. பந்து அசையாது. 'கருவி ரிப்பேர்' என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். இது ஊதும் கருவி இல்லை, உறிஞ்சும் கருவி. இளநீரை ஸ்ட்ரா வைத்துக் குடிப்பதுபோல காற்றை உள்ளே இழுக்க வேண்டும்.

• நிமிர்ந்து உட்காரவும். சாதாரணமாக மூச்சை வெளியே விடவும்.
• குழாயை வாயில் வைத்து உதடுகளால் இறுக மூடவும்.
• மெதுவாக, ஆழமாக மூச்சை உள்ளே இழுக்கவும். பந்து மேலே ஏறும்.
• இழுத்த மூச்சை 3 முதல் 5 விநாடிகள் பிடித்து வைக்கவும்.
• குழாயை எடுத்துவிட்டு மெதுவாக மூச்சை விடவும். சற்று ஓய்வெடுத்து மறுபடி செய்யவும்.

விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 முறை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. மூன்று பந்துகளையும் ஒரே இழுப்பில் 'டப்'பென்று மேலே ஏற்றுவது சாதனை இல்லை. ஒரு பந்தையாவது கொஞ்ச நேரம் மேலேயே நிற்கவைப்பதுதான் நுரையீரலுக்கு நல்லது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். ஒருவரின் கருவியை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

ஒரு விஷயம்... இந்தக் கருவியை மட்டும் நம்பினால் போதாது. மேல் வயிற்று ஆபரேஷன் செய்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, கருவி மட்டுமே தனியாகப் பெரிய பலன் தருவதற்கு வலுவான சான்று இல்லை என்றது. மணிக்கொரு முறை ஆழ்ந்து மூச்சிழுக்க ஞாபகப்படுத்தும் துணையாக அதைப் பார்க்கலாம். கருவி இல்லாதவர்கள் வெறுமனே ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி செய்தாலே போதும்.

2. இருமல்... தலையணையோடு!

'இருமினால் தையல் பிரிந்துவிடும்' என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. டாக்டர் போடும் தையல் பல அடுக்குகளாகப் போடப்படுவது. காயத்துக்கு முட்டுக் கொடுத்து இருமுவதால் அது சாதாரணமாகப் பிரிவதில்லை. தேங்கிய சளியால் நாள் முழுக்க அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருப்பதுதான் காயத்துக்கு அதிகச் சிரமம்.

செய்முறை எளிது. ஒரு சின்னத் தலையணையையோ நான்காக மடித்த டவலையோ காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் வயிறு தளரும். இரண்டு மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுத்துவிட்டு, பிறகு வாயைத் திறந்து இரும வேண்டும். வலி அதிகமென்றால், மூக்குக்கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஊதுவோமே... அப்படி வேகமாக இரண்டு முறை ஊதிவிட்டு, பிறகு ஒருமுறை இருமினால் சளி எளிதாக மேலே வரும்.

கண், மூளை, காது போன்ற இடங்களில் ஆபரேஷன் செய்தவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டுமென்று இருமக் கூடாது.

3. பல் துலக்குதல்

'உடம்பு முடியாதவருக்கு பிரஷ் எதுக்கு? வாய் கொப்பளிச்சா போதும்' என்று விட்டுவிடுவது சகஜம். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்குவது நிமோனியாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு மூன்றையும் சுத்தம் செய்ய வேண்டும். பல்செட் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதையும் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். மவுத்வாஷ் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார்.

4. எழுந்து உட்காருதல், நடத்தல்

டாக்டர் அனுமதித்ததும் முதல் வேலை இதுதான். பல ஆபரேஷன்களில் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி உட்காரவைத்துவிடுவார்கள். உட்கார்ந்தால் உதரவிதானம் கீழே இறங்கும், நுரையீரலின் அடிப்பகுதி விரியும். நடந்தால் மூச்சு தானாக ஆழமாகும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் குறையும்.

எழுந்திருக்கும் முறை முக்கியம். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்றால் நிற்கலாம். முதல் முறை நர்ஸோ ஃபிசியோதெரபிஸ்ட்டோ பக்கத்தில் இருக்க வேண்டும். டிரிப்ஸ் குழாய், யூரின் பேக், டிரெயின் டியூப் இருக்கும்போது எப்படி நடப்பது என்று அவர்களே காட்டித் தருவார்கள்.

5. தலைப்பக்கம் உயரம்

மட்டமாகப் படுக்காமல், தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர்த்தி வைப்பது நல்லது. இதைச் செய்யக் கூடாத சில ஆபரேஷன்களும் உண்டு என்பதால் நர்ஸிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டு நேரத்தில் இது இன்னும் அவசியம். அரைத் தூக்கத்தில் இருப்பவரின் வாயில் கஞ்சியை ஸ்பூனால் ஊற்றுவது ஆபத்தானது. கஞ்சி வயிற்றுக்குப் போவதற்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நன்றாக விழித்திருக்கும்போது, நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

6. முன்கூட்டியே கற்றுக்கொள்வது

ஆறில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மயக்கம் தெளியாத நிலையில், வலியோடு கிடப்பவரிடம் 'இப்படி மூச்சு இழுங்க' என்று புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் எப்படிப் புரியும்?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் பி.எம்.ஜே மருத்துவ இதழில் வெளியானது. எல்லோரும் மேல் வயிற்று ஆபரேஷனுக்குத் தயாரானவர்கள். பாதிப் பேருக்கு ஒரு கையேடு மட்டும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கையேட்டோடு, ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் 30 நிமிடம் உட்கார்ந்து, நுரையீரலுக்கு என்ன நடக்கும், கண் விழித்ததும் எப்படி மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். கையேடு மட்டும் வாங்கியவர்களில் 27 சதவிகிதம் பேருக்கு நுரையீரல் பிரச்னை வந்தது. 30 நிமிட வகுப்பு கேட்டவர்களில் அது 12 சதவிகிதம்!

ஆபரேஷன் தேதி குறித்ததும், "ஃபிசியோதெரபிஸ்ட்டை முன்னாடியே பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் நான்கு நாள் பழகிவிட்டுப் போனால், கண் விழித்ததும் உடம்பு தானாகச் செய்யும்.

ஆபரேஷனுக்கு முன் மறக்கக் கூடாதவை

புகை: ஆபரேஷனுக்கு நான்கு வாரங்கள் முன்பே சிகரெட், பீடியை நிறுத்தினால் சிக்கல்கள் குறைகின்றன. அந்த நான்கு வாரங்களுக்குப் பிறகு புகையில்லாத ஒவ்வொரு வாரமும் பலனை 19 சதவிகிதம் கூட்டுகிறது என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 'திடீர்னு விட்டா சளி கட்டிக்கும்' என்ற பேச்சுக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. நாளை ஆபரேஷன் என்றாலும் இன்று நிறுத்துவது நல்லதுதான்.

ஒரு வாய் காபி: 'வெறும் வயித்தோட எப்படி இருப்பாங்க' என்று காலையில் யாருக்கும் தெரியாமல் காபி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மயக்கத்தில் அது வாந்தியாக மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. 1946-லேயே நியூயார்க்கைச் சேர்ந்த மென்டல்சன் என்ற டாக்டர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் இந்த ஆபத்தை விவரித்துவிட்டார். பொதுவாக இட்லி, டோஸ்ட் போன்ற எளிய உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், இறைச்சிக்கு 8 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி தேவை. பால் கலந்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் வராது. அதற்கும் 6 மணி நேரம். மருத்துவமனை சொல்லும் நேரமே இறுதியானது.

மறைக்காமல் சொல்வது: மயக்க மருந்து நிபுணர் கேள்வி கேட்கும்போது, மகன் பக்கத்தில் இருக்கிறான் என்று பீடியை மறைக்கும் அப்பாக்கள் உண்டு. புகை, மது, போன வாரம் வந்த சளி, பலத்த குறட்டை, ஆஸ்துமா, ஆடும் பல் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் நாளன்றும் தேவைப்படுமா என்று கேட்டு, கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

வலியைப் பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டியதில்லை. பொறுத்தால் நஷ்டம் நுரையீரலுக்கு. நோயாளி சும்மா படுத்திருக்கும்போது வலி இல்லை என்றால் மட்டும் போதாது. ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் முடிகிற அளவுக்கு வலி குறைந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் நர்ஸிடம் அதை அப்படியே சொல்ல வேண்டும். "வலிக்குதா?" என்பதற்கு "பரவாயில்லை" என்று தலையாட்டும் அம்மாக்களிடம், "இருமிப் பார்க்க முடியுதாம்மா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து மூச்சுப் பயிற்சியையும் நடையையும் வைத்துக்கொண்டால் சுலபமாக இருக்கும். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன சில நாள்களுக்கு எடுத்துக்கொள்ளும்போது பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை பழக்கமாகிவிடுவதில்லை. அதேநேரம், வீரியமான வலி மருந்துக்குப் பிறகு எழுப்பினாலும் எழாத அளவு தூங்கினாலோ, மூச்சு மிகவும் மெதுவானாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

ஃபேன் காற்று, குளிர்ந்த தண்ணீரால் நிமோனியா வருமா?
வராது. காரணம் கிருமியும் தேங்கிய சளியும்தான். ஃபேனை நிறுத்தும் அக்கறையைக் கை கழுவுவதில் காட்டலாம். சளி, காய்ச்சல் இருக்கும் உறவினர்கள் பார்க்க வருவதைத் தள்ளிப்போடலாம்.

ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்களே, அது போதாதா?
ஆபரேஷனை ஒட்டிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக், முக்கியமாகக் காயத்தில் தொற்று வராமல் இருக்க. மூடிய காற்றுப்பையை அது திறக்காது.

டிஸ்சார்ஜ் ஆனதும் நிறுத்திவிடலாமா?
இயல்பாக நடமாடும்வரை தொடர்வது நல்லது. வீட்டில் சாம்பிராணி, கொசுவத்திப் புகையைச் சில வாரங்களுக்குத் தவிர்க்கலாம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
• மஞ்சள், பச்சை நிறத்தில் சளி
• நடக்கும்போதோ படுக்கும்போதோ மூச்சு வாங்குவது, மூச்சின் வேகம் கூடுவது
• வீட்டில் ஆக்ஸிமீட்டர் இருந்தால், அளவு 94-க்குக் கீழே இறங்குவது
• வயதானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசுவது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடப்பது. இவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரலாம்.

திடீர் நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவை ரத்தக்கட்டின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

போனில் ஒரு அலாரம்

நர்ஸ் ஒருவரே பல நோயாளிகளைப் பார்க்கும் வார்டுகளில், மணிக்கொரு முறை ஒவ்வொருவரையும் உட்காரவைத்து மூச்சிழுக்கச் சொல்வது நடக்காத காரியம். அந்த வேலை துணைக்கு இருப்பவருடையது. கையில் இருக்கும் போனில் காலை 7 மணியிலிருந்து இரவு 9 மணி வரை மணிக்கொரு அலாரம் வைத்துவிடலாம். அடித்ததும் பத்து ஆழ்ந்த மூச்சு, தலையணையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று இருமல். காலை, மதியம், மாலை அலாரங்களில் கூடவே ஒரு சின்ன நடை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு பார்க்க வருபவர்களிடமும் ஒரு வேலை கொடுக்கலாம். "வந்ததுதான் வந்தீங்க சித்தப்பா, அப்பாவைக் கையைப் பிடிச்சு அந்த வராண்டா முனை வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க!"